கொரியன், பஃபலோ, செலக்ஷன் ஒன்: 22 நாள் தண்ணி இல்லாம எந்தப் புல்லு நின்னுச்சு? ரெண்டு கோடை பாத்த ரிவ்யூ

எங்க மண்டபத்து போர் மோட்டார் காயில் போனது 2024 ஏப்ரல் 9, செவ்வாக்கிழமை. தண்ணி திரும்ப மேல வந்தது மே 1. நடுவுல 22 நாள். எலக்ஷன் நேரம், 19ஆம் தேதி ஓட்டு, வைண்டிங் கட்டுற ஆளு கையில சிக்கல, சிக்கினப்புறம் பாத்தா தண்ணி மட்டமே கீழ போயிருக்கு, இன்னும் ரெண்டு பைப் சேத்து இறக்கினாத்தான் எடுக்கும்னுட்டாங்க. 2023ல மேட்டூர வழக்கம் போல ஜூன் 12 தொறந்தாங்க, ஆனா அக்டோபர்லயே மூடியாச்சு, சம்பாவுக்கே ஜனங்க வானத்தப் பாத்துக்கிட்டு நின்ன வருஷம் அது, ஆத்துல தண்ணி ஓடலன்னா போர்ல மட்டும் எப்படி ஊறும். சமையலுக்கும் குடிக்கவும் டேங்கர் வாங்கினோம், ரெண்டு முகூர்த்தம் வேற இருந்துச்சு, புல்லுக்கு ஒரு சொட்டு விடல. பக்கத்துத் தெருவுல குடத்தத் தூக்கிக்கிட்டு பொம்பளைங்க நடக்கும்போது புல்லுக்கு விட மனசும் வரல.

நான் காசு கொடுத்து வாங்கின மூணு வகைப் புல்லும் என்ன சரக்குன்னு அந்த 22 நாள்லதான் தெரிஞ்சுது. அப்புறம் 2025 கோடையும் பாத்துட்டேன். அதனாலதான் இப்ப எழுதுறேன், போட்ட மறுமாசமே எழுதியிருந்தா எல்லாத்துக்கும் 5க்கு 5 கொடுத்திருப்பேன், அது படிக்கிறவங்களுக்கு பண்ற துரோகம்.

எங்களுது சின்ன கல்யாண மண்டபம், மன்னார்குடிக்கு கொஞ்சம் வெளியில, பாமணி ஆத்துக்கு நடந்து போற தூரம். முன்னாடி 2400 சதுர அடி காலி இடம், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 17 குழி. ரிசப்ஷன் போட்டோ எடுக்கவும் சின்னப் புள்ளைங்க ஓடவும் புல்லு இருந்தா நல்லாருக்கும்னு 2022 ஆடி கடைசியில போட்டோம். வாங்கினது தஞ்சாவூர் பட்டுக்கோட்டை ரோட்டுல இருக்குற ஒரு நர்சரி. பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அந்தத் தம்பி நல்ல புள்ள, அவர் சொன்ன தப்ப அவர மாதிரி பத்து நர்சரியில சொல்றாங்க.

கடை அனுபவம் முதல்ல. எடம் சுத்தம், புல்ல வெயில்ல வாட விடாம சாக்கு போட்டு நனைச்சு வச்சிருந்தாங்க, கேட்டதுக்கு பதில் சொன்னாங்க, "அக்கா, வண்டி வச்சு நாங்களே இறக்கிக் கொடுத்துடுறோம்"னு சொன்னபடி மறுநாள் காலைல வந்துட்டாங்க. கொரியன் சதுரத் துண்டா கார்பெட் மாதிரி சுருட்டி வரும், பஃபலோ துண்டாவும் வரும் தொட்டியிலயும் வரும், செலக்ஷன் ஒன் மூட்டையில அள்ளி வரும். தம்பி கொரியனத்தான் தள்ளினாரு. "அக்கா, பாருங்க மெத்தை மாதிரி, வெட்டுற வேலையே கம்மி, தினம் காலைலயும் சாயங்காலமும் தெளிச்சு விட்டாப் போதும்." அந்தக் கடைசி வரி இருக்கே, தினம் ரெண்டு வேளை தெளிக்கிறது, அதுதான் என் புல்லக் கெடுத்துச்சு, அத அப்புறம் சொல்றேன்.

1200 சதுர அடி கொரியன், மேடைப் பக்கம். 800 செலக்ஷன் ஒன், கேட்டுப் பக்கம். மீதி 400 மாமரத்துக்கு அடியிலயும் மதில் நிழல்லயும் பஃபலோ.

கொரியன்னும் மெக்சிகன்னும் நம்ம நர்சரிகள்ல பேரு மாத்தி மாத்தி விக்கிறது பெரும்பாலும் சோய்சியாங்கிற ஜாதி. ஊசி மாதிரி சன்ன இலை, நெருக்கமா வளரும், காலு வச்சா மெத்து மெத்துன்னு இருக்கும். அழகுக்கு இதுக்கு ஈடே இல்ல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செருப்பக் கழட்டிட்டு நடந்து பாப்பாங்க. ஒன்றரை வருஷம் குறையே கிடையாது.

தண்ணி நின்ன அஞ்சாம் நாளே முதல்ல கலரு மாறினது கொரியன்லதான். பச்சை போயி ஒரு சாம்பல் கலந்த நீல நிறம் வந்துச்சு, குனிஞ்சு பாத்தா ஒவ்வொரு இலையும் நீளவாக்குல சுருண்டு நூல் மாதிரி இருக்கு. நடந்து போயி திரும்பிப் பாத்தா என் காலடி அப்படியே பதிஞ்சு கிடக்குது, எந்திரிக்கவே இல்ல. இந்த மூணும், அதாவது நீலச் சாயல், சுருள்றது, காலடி நிக்கிறது, புல்லு தாகம்னு சொல்ற பாஷை. இலைய சுருட்டிக்கிறது வெயில் படுற பரப்பக் குறைக்க, தண்ணி ஆவியாப் போற வாசல மறைச்சுக்க. அந்த நேரத்துல புல்லுக்கு உசுரு முழுசா இருக்கு, தன்னக் காப்பாத்திக்கிட்டு இருக்கு, பயப்பட வேண்டியதில்ல. பத்தாம் நாளுக்கு மேல வைக்கோல் நிறம். பதினஞ்சு நாள்ல மேடைப் பக்கம் முழுக்க கோரைப் பாய விரிச்ச மாதிரி ஆயிடுச்சு.

மே 1 தண்ணி வந்ததும் விட்டேன், நல்லா ஊற விட்டேன். ஒரு வாரம் பாத்தேன். மேடைக்கு எடது பக்கம் இருந்த கொரியன்ல அங்கங்க பச்சை ஊசி தலை காட்டுச்சு. வலது பக்கம் ஒன்னுமே இல்ல. ஒரே நாள்ல ஒரே வண்டியில வந்து ஒரே ஆளு போட்ட புல்லு, ஒரு பக்கம் உசுரு, ஒரு பக்கம் செத்தது.

களைக்கொட்ட எடுத்துக்கிட்டு உக்காந்தேன். வலது பக்கம் கொட்டு போடவே தேவைப்படல, கையால ஓரத்தப் பிடிச்சுத் தூக்கினதும் பாய சுருட்டுற மாதிரி முழுத் துண்டும் எந்திரிச்சு வந்துச்சு. அடியில வேரு ஒரு இன்ச் கூட இல்ல, துண்டோட வந்த களிமண்ணுக்குள்ளயே வேரு பின்னிக்கிட்டு நின்னுருக்கு. அதுக்குக் கீழ மூணு இன்ச் செம்மண்ணு, அதுக்கும் கீழ செங்கல் துண்டு, ஜல்லி, சிமெண்டுப் பாலு காஞ்ச கட்டி. மண்டபம் கட்டினப்ப மிச்சமான ரப்பிஷ அங்க கொட்டி மேல மண்ண மூடியிருக்காங்க, அந்த காண்டிராக்டர் ஒரு வார்த்தை சொல்லல, நாங்களும் தோண்டிப் பாக்கல. எடது பக்கம் பழைய தோட்ட மண்ணு, ஒன்றரை அடி வரைக்கும் கொட்டு இறங்குது. அங்க துண்டு தூக்க வரல, இழுத்தா புடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு தண்ட அறுத்துப் பாத்தேன், மேல தோலு பழுப்பு, நகத்தால கீறினா உள்ள வெள்ளையா ஈரமா இருந்துச்சு.

இதுக்கப்புறம்தான் இதப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல சான் அன்டோனியோவுல 2006லயும் 2007லயும் 25 ரகப் புல்ல வச்சு 60 நாள் சொட்டுத் தண்ணி விடாம, மழை வந்தா நகர்ற கூரைய இழுத்து மூடிக்கிட்டு சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஒரு பாதிக்கு வெறும் 4 இன்ச் மண்ணு, இன்னொரு பாதிக்கு ஆழமான மண்ணு. 4 இன்ச் மண்ணுல நின்னது எந்த ரகமா இருந்தாலும் அந்த 60 நாளத் தாண்டல. ஆழ மண்ணுல இருந்ததுல பெரும்பாலானது காஞ்சு வைக்கோலானப்புறமும் தண்ணி பாத்ததும் எந்திரிச்சு வந்துச்சு, அதுல முந்திக்கிட்டது நம்ம அருகு ஜாதி, பின்தங்கினது சோய்சியா. இதப் படிச்சப்ப எங்க மேடைக்கு வலது பக்கத்த யாரோ பாத்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சு எனக்கு.

அதனால கொரியனுக்கு என் மார்க்கு: மண்ணு ஒரு அடிக்கு மேல இருந்தா 5க்கு 3, இல்லன்னா வாங்கவே வாங்காதீங்க. அந்தப் புல்லு மேல முழுப் பழியும் போட முடியாது, அதுக்கும் தாங்குற சக்தி இருக்கு, எடது பக்கம் பொழச்சுதே. ஆனா ரொம்ப மெதுவா வளர்ற ஜாதி, ஒரு எடம் செத்துப் போச்சுன்னா பக்கத்துலேந்து ஓடி வந்து அந்தப் பொத்தல மூட அதுக்கு மாசக் கணக்காகும். எடது பக்கம் முழுசா மூட 2024 ஐப்பசி மழை வரைக்கும் ஆச்சு. கல்யாண மண்டபத்துல அஞ்சு மாசம் சொட்டை சொட்டையா தரைய வச்சுக்கிட்டு இருந்தது எங்களுக்கு எவ்வளவு சங்கடம்னு நடத்துறவங்களுக்குத்தான் தெரியும்.

பஃபலோவப் பத்தி ஒரு முக்கியமான எச்சரிக்கை. நெட்டுல பஃபலோ கிராஸ் வறட்சி தாங்குமான்னு தேடினா ஆஹா ஓஹோன்னு வரும். அது வேற புல்லு! அமெரிக்கப் புல்வெளியில காட்டெருமை மேஞ்ச சன்ன இலை புல்லு அது, மழை கம்மியான சமவெளியில பொறந்தது, வறட்சிக்குப் பேர் போனது. நம்ம நர்சரியில பஃபலோன்னு கொடுக்கிறது அகலமான இலை, தண்டு தரைக்கு மேலயே ஓடுற புல்லு, நிழலுக்குன்னு ஏத்தது. பேரு ஒன்னு, குணம் வேற. நான் அந்தக் கட்டுரைகளப் படிச்சுட்டு தைரியமா இருந்தேன்.

நிழல்ல இருந்ததால முதல் பத்து நாள் மூணுலயும் பச்சையா நின்னது இதுதான், அதையும் சொல்லணும். மாமரத்துக்கு அடியில வெயில் கம்மி, ஆவியாகுறது கம்மி. ஆனா மாமரத்து வேரும் அதே மண்ணுலதான தண்ணி குடிக்குது. பத்து நாளுக்கு அப்புறம் மதில் ஓரத்துல மேற்கு வெயில் அடிக்கிற எடத்துல இலை மொறு மொறுன்னு ஆச்சு, கையில கசக்கினா அப்பளம் மாதிரி நொறுங்குது. தண்டு மண்ணுக்கு மேல கிடக்குறதால வெயில் நேரா தண்டையே வறுத்துடுது, ஒளிஞ்சுக்க அதுக்கு எடமில்ல. வெயில் பட்ட எடம் முக்காலும் போச்சு, மரத்தடி பொழச்சுது. நிழலுக்கு 5க்கு 3 கொடுக்கிறேன், வெயில்ல 1. மரத்தடிக்கு வேற நல்ல வழி எனக்குத் தெரியல, அருகு ஜாதி நிழல்ல நிக்கவே நிக்காது, நீண்டு மெலிஞ்சு வெளிறிப் போயிடும்.

இப்ப செலக்ஷன் ஒன்.

இத வாங்கும்போது எங்க வீட்டுல யாருக்குமே பெருசா மதிப்பு இல்ல. பாக்க நாட்டு அருகம்புல் மாதிரியே இருக்கு, கொஞ்சம் சன்னமா கொஞ்சம் நெருக்கமா, அவ்வளவுதான். ஜாதியும் அதேதான், பெர்முடான்னு வெளிநாட்டுல சொல்றது நம்ம அருகுதான், அதுலேந்து விளையாட்டு மைதானத்துக்கும் லானுக்கும் ஏத்ததாப் பொறுக்கின ரகம் இது. மூட்டையில வந்தத கிள்ளிக் கிள்ளி நாத்து நடற மாதிரி ஊனணும், நாலு விரக்கடைக்கு ஒன்னு. நடவுக்குப் போற நாலு பேர கூப்பிட்டேன், வரிசை பிடிச்சு ஒரே நாள்ல 800 சதுர அடியையும் முடிச்சுட்டாங்க. அதுல பெரியவங்க ஒருத்தங்க, "ஏன் ஆயி, வயல்ல இத வேரோட எடுக்க முடியாம எத்தனை கோடை இடுப்பொடிஞ்சோம், நீ காசு கொடுத்து நடச் சொல்றியே"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில இருந்த விவரம் எனக்கு அப்ப உறைக்கல. வேரோட எடுக்க முடியாதுங்கிறதுதான் இந்தப் புல்லோட முழு பலமும்.

22 நாள்ல இதுவும் காஞ்சுது, பொய் சொல்லல. எட்டாம் நாள் சாம்பல் பூத்துச்சு, இருபதாம் நாள் வைக்கோல் ஆச்சு. மே 1 சாயங்காலம் தண்ணி விட்டேன், 4ஆம் தேதி காலைல அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கிற அன்னைக்கு கோலம் போட வெளிய வந்தப்ப பாக்குறேன், காஞ்ச சருகுக்கு நடுவுல ஊசி முனை அளவு பச்சை, ஒன்னு ரெண்டு இல்ல, தரை பூரா. பத்து நாள்ல பாதி மூடிடுச்சு. மே நடுவுல கோடை மழை பெஞ்சுது பாருங்க, அதுக்கப்புறம் ஜூன் முதல் வாரத்துல காஞ்ச அடையாளமே தெரியல. அந்த எடத்துல தோண்டிப் பாத்தேன். களிமண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கு, வெடிப்புக்குள்ள வெள்ளையா கிழங்கு மாதிரி தண்டு ஊடுருவிப் போகுது, கணுக்குக் கணு முளை. மண்ணுக்கு மேல ஓடுற கொடி ஒன்னு, மண்ணுக்குள்ள ஓடுற தண்டு ஒன்னு, ரெண்டும் இருக்கு இதுக்கு. மேல இருக்கிறத வெயில் எடுத்துக்கட்டும்னு விட்டுட்டு கீழ உசுர வச்சுக்கிட்டு படுத்துக்குது. சோய்சியாவுக்கும் மண்ணுக்குள்ள ஓடுற தண்டு உண்டு, ஆனா வேகத்துல அருகு கிட்ட நிக்க முடியாது.

கல்யாணத்துல பெரியவங்க "ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி"ன்னு வாழ்த்துறாங்கள்ல, எங்க மண்டபத்துல வாரத்துக்கு ஒரு தடவையாவது அது காதுல விழும். எத்தனையோ வருஷமா கேட்டது. அந்த வெடிப்புக்குள்ள அந்த வெள்ளைத் தண்டப் பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஆனா இதுலயும் ஒரு எடம் செத்துச்சு. கேட்டுக்குப் பக்கத்துல செப்டிக் டேங்க் ஸ்லாப் இருக்கு, அதுக்கு மேல நாலு இன்ச் மண்ணு போட்டு ஊனியிருந்தோம். ஸ்லாப் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு நூலு பிடிச்ச மாதிரி சதுரமா காஞ்சு போச்சு, முளைக்கவே இல்ல. அருகா இருந்தாலும் இறங்க எடம் வேணும்.

இன்னொன்னையும் சொல்லணும். மதிலுக்கு வெளியில வாய்க்கால் ஓரத்துல நாட்டு அருகு தானா முளைச்சுக் கிடக்கு, யாரும் தண்ணி விட்டதில்ல, எங்க அத்தை சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு அங்கதான் பறிப்பாங்க. அந்த ஏப்ரல்லயும் எங்கயோ ஒரு கைப்பிடி பச்சையத் தேடிப் பறிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. பழக்கினதுக்கும் பழக்காததுக்கும் உள்ள வித்தியாசம் அது. நாம தினம் ஊட்டின புல்லு தண்ணி எப்ப வரும்னு மேலயே வாயத் தொறந்துக்கிட்டு இருந்துச்சு, அது கீழ தேடிக்கிட்டுப் போயிடுச்சு.

அங்கதான் நர்சரித் தம்பி சொன்ன தினம் ரெண்டு வேளை தெளிக்கிற விஷயத்துக்கு வரேன். புதுசா போட்ட முதல் ரெண்டு மூணு வாரம் அது சரி, வேரு பிடிக்கணும். அதுக்கப்புறமும் நாங்க ஒன்றரை வருஷம் அப்படியே பண்ணோம். தினம் தெளிச்சா மேல ஒரு இன்ச்தான் நனையும், வேருக்கு கீழ போக அவசியமே இல்லாமப் போயிடுது. அதுக்குப் பதிலா வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் உச்சத்துல ரெண்டு தடவை, அரை அடி ஆழம் நனையிற மாதிரி விட்டுட்டு அடுத்த தண்ணிக்கு காயப் போடணும். காயும்போது வேரு ஈரத்தத் துரத்திக்கிட்டு கீழ போகும். அதிகாலைல விடுங்க, ராத்திரி விட்டா இலை ஈரத்துலயே கிடந்து பூஞ்சாணம் புடிக்கும்.

கணக்கு ரொம்ப சுலபம். 1 சதுர மீட்டர்ல 1 லிட்டர் விட்டா அது 1 மில்லிமீட்டர். எங்க 2400 சதுர அடி சுமாரா 223 சதுர மீட்டர். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் விடணும்னா கிட்டத்தட்ட 5600 லிட்டர், அதாவது ஒரு 6000 லிட்டர் டேங்கர் முழுசா. லான் போடுறதுக்கு முன்னாடி உங்க எடத்துக்கு இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க, கோடையில வாரா வாரம் ஒரு டேங்கர் உங்க ஊர்ல புல்லுக்கு கொடுக்க முடியுமான்னு மனசாட்சியத் தொட்டுக் கேளுங்க. முடியாதுன்னா எடத்தக் குறைச்சுக்கோங்க. நாங்க குறைச்சுட்டோம்.

உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா வளக்கிறது சுலபமாயிடுது, அதனால கொஞ்சம் சொல்றேன். மண்ணு காய ஆரம்பிச்சதும் முதல்ல வேருக்குத்தான் தெரியும், வேரு அப்சிசிக் அமிலம்னு ஒரு சமிக்ஞைய மேல அனுப்புது, இலையில இருக்குற சின்னச் சின்ன வாய மூடிக்கச் சொல்லுது. வாய மூடினா தண்ணி மிச்சம், ஆனா காத்தும் உள்ள வராது, சாப்பாடு தயாரிக்கிறது குறையும், வளர்ச்சி நிக்கும். அருகு, சோய்சியா எல்லாம் கரும்பு சோளம் மாதிரி சி4 வகை, வாயக் கொஞ்சமாத் தொறந்தே நிறைய வேலை வாங்கிக்கும். அடுத்தது, செல்லுக்குள்ள சர்க்கரையும் புரோலின்னு ஒரு அமினோ அமிலமும் சேத்து வச்சுக்கும். மாங்காத் துண்டுல உப்பு தூவினா உப்பு தண்ணிய இழுக்குதுல்ல, அதே கணக்குதான், செல்லுக்குள்ள கரைஞ்ச சரக்கு கூடினா காஞ்ச மண்ணுலேந்தும் ஈரத்த இழுத்துக்கிட்டு விறைப்பா நிக்கும். அதுவும் முடியலன்னா இலைய விட்டுடும், கணுவையும் அடித்தண்டையும் மட்டும் காப்பாத்திக்கிட்டு தூங்கிடும். தூங்குற புல்லுக்கும் செத்த புல்லுக்கும் மேலேந்து பாத்தா வித்தியாசமே தெரியாது, தோண்டி நகத்தால கீறிப் பாத்தாத்தான் தெரியும். எங்க மச்சான் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு டைல்ஸ் போட்டுடலாம்னு மே 2 அன்னைக்கே நின்னாரு. ரெண்டு வாரம் பொறுங்கன்னு கெஞ்சி நிறுத்தினேன்.

இந்த சேத்து வச்சுக்கிற சக்தி ஒரே நாள்ல வராது, பழக்கணும். 2025ல மாசி மாசமே ஆரம்பிச்சேன். மூணு நாளுக்கு ஒரு தண்ணி, அப்புறம் அஞ்சு, அப்புறம் ஏழுன்னு தள்ளிக்கிட்டே போனேன். யூரியாவ சுத்தமா நிறுத்திட்டேன், யூரியா போட்டா இலை தளதளன்னு கிளம்பும், தண்ணி கேக்கும், வேரு வளராம நின்னுடும். பொட்டாஷ் மட்டும் கொஞ்சம் கொடுத்தேன். மிஷின் பிளேட ஏத்தி வச்சு உயரமா வெட்டினோம், ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டல, மேல இலை இருந்தாத்தான கீழ வேருக்கு சாப்பாடு. சித்திரையில வேணும்னே மூணு வாரம் காயப் போட்டு நடுவுல ஒரே ஒரு தடவை லேசா, ஒரு 12 மில்லிமீட்டர் கணக்குக்கு, உசுர்த் தண்ணி மாதிரி விட்டேன். காஞ்சு கிடந்தப்ப மேல காரு ஏத்த விடல, நாற்காலி போட விடல, மிதிச்சா தூங்குற கணு நசுங்கிடும். செலக்ஷன் ஒன் போன தடவைய விட சீக்கிரம் பச்சையாயிடுச்சு. எடது பக்கத்துக் கொரியன் கூட இந்தத் தடவை சொட்டை விழாம மீண்டுச்சு.

செலக்ஷன் ஒன்னுக்கு 5க்கு நாலரை. அரை மார்க்கு ஏன் குறைச்சேன்னா, மழைக்காலத்துல வாரா வாரம் வெட்டணும், பூச்செடிப் பாத்திக்குள்ள புகுந்துடும், ஓரத்துல கல்லு பதிச்சு தடுக்கணும். வயல் ஓரத்துல வீடு இருக்குறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருங்க, வரப்பத் தாண்டி ஒரு கொடி போனாலும் பக்கத்து வயல்காரருக்கு அது தலைவலி. அவங்க கோடை உழவு போட்டு தண்டப் புரட்டி வெயில்ல காய வச்சுத்தான் அழிப்பாங்க. மண்ணுக்குள்ள ரொம்ப நாள் தாங்குற அந்தத் தண்டு வெளிய எடுத்து வெயில்ல போட்டா தாங்காது. அதனால மூட்டை வந்து இறங்கினா அன்னைக்கே ஊனிடுங்க. எங்களுக்கு வந்ததுல ரெண்டு மூட்டை வண்டியில மேலாப்புல வெயில் பட்டு கருகியிருந்துச்சு, போன் பண்ணதும் தம்பி மறுபேச்சு இல்லாம ரெண்டு மூட்டை புதுசா அனுப்பினாரு, காசு வாங்கல. அதுக்காக கடைக்கு ஒரு மார்க்கு கூடுதலாவே போடுறேன், 5க்கு 4. தண்ணி விடுற யோசனை மட்டும் அவர் மாத்திக்கணும், நேர்லயே போய்ச் சொல்லிட்டேன், களைக்கொட்டால தோண்டின போட்டோவையும் காட்டினேன், பொறுமையா கேட்டுக்கிட்டாரு.

கேட்டவங்களுக்காக இன்னும் ரெண்டு. ஆன்லைன்ல லான் விதைன்னு அழகான பாக்கெட்டுல வர்றது பல சமயம் குளிர் நாட்டுப் புல்லு, கென்டக்கி புளூகிராஸ், ரை, ஃபெஸ்க்யூ. நம்ம நெல்லு மாதிரி சி3 வகை, அதாவது சி4 மாதிரி வாயக் கொஞ்சமாத் தொறந்து வேலை வாங்கத் தெரியாதது, அவங்க ஊர்க் குளிருக்கு ராஜா. அதுல டால் ஃபெஸ்க்யூ ஆழமா வேரு விட்டு வறட்சியச் சமாளிக்கும், புளூகிராஸ் தூங்கி எந்திரிக்கும், எல்லாம் சரி, ஆனா எங்க சித்திரை வெயிலுக்கு அதுங்க பொறக்கல. காசப் போடாதீங்க. ரெண்டாவது, வேதாரண்யம் பக்கம் எங்க சின்ன நாத்தனார் வீட்டுல பிரச்சனையே வேற, கோடையில போர்த் தண்ணி உப்பாயிடும். அங்கெல்லாம் பாஸ்பாலம்னு கடலோரப் புல்லு ஒன்னு கேட்டுப் பாருங்க, உப்புத் தண்ணிய நல்லாத் தாங்கும், 2022 கத்தார் உலகக் கோப்பை ஃபுட்பால் மைதானங்கள்ல போட்டிருந்ததும் பாஸ்பாலம் ரகம்தான். எங்க நர்சரியில அது இல்ல, சொல்லி வச்சா வரவழைச்சுத் தரேன்னாரு.

இப்ப எங்க நிலவரம்: வலது பக்கத்து ரப்பிஷ முழுசா வாரி எடுத்துட்டு ஒன்றரை அடிக்கு வண்டலும் மணலும் மக்கின சாணி எருவும் கலந்து போட்டாச்சு. செப்டிக் டேங்க் ஸ்லாப்பு மேல புல்லு வேணாம்னு முடிவு பண்ணி கடப்பாக் கல்லு போட்டு ரெண்டு பெஞ்சு வச்சுட்டோம், வயசானவங்க பந்தி முடிஞ்சு அங்கதான் உக்காந்து வெத்தலை போடுறாங்க. வலது பக்கத்துக்கு அதே தம்பிகிட்ட செலக்ஷன் ஒன் 12 மூட்டை சொல்லி வச்சிருக்கேன், சாயங்காலம் வெயில் தாழ்ந்து அனுப்பணும்னு பேச்சு. ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி ஊனிடணும், நடவு ஆளுங்ககிட்டயும் சொல்லியாச்சு, அந்தப் பெரியவங்கதான் வரிசை பிடிக்க வராங்க.